மூன்றாவது வீடு படித்து முடிக்கும் வரை

1874ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஸ்வார்த்தமொண்ட் நகரத் தலைவர் எக்பெர்ட் ஸ்குரிங்கா காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து மூன்று சாண் உயரம் எழும்பினார். அந்த வாரம் உருளைக்கிழங்கு மூட்டைக்குக் கால் கில்டர் ஏறியிருந்தது. ரொட்டி விலையில் மாற்றமில்லை. முந்தின நாள்தான் கால்வாயின் புதிய மதகு திறக்கப்பட்டிருந்தது. அதை முன்னிட்டு ஹர்மனுஸ் டெப்பர் என்ற அச்சகக்காரர் ‘கால்வாய்த் தூதன்’ பத்திரிகையின் முதல் இதழைக் கொண்டுவந்திருந்தார். முதல் இதழ் என்ற உற்சாகத்தில், நகரத் தலைவரை எங்கள் வானத்தின் விடிவெள்ளி என்றும் தொலைநோக்கின் சிகரம் என்றும் எழுதிவிட்டார். ஊர் அதைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் தலைவர் கையில் வெண்ணெய்க் கத்தியோடு மேலே போனார். அவர் மனைவி அண்ணாந்து பார்த்து, “இறங்குங்க, காபி ஆறுது” என்றார். தலைவருக்கும் இறங்க ஆசைதான். ஆனால் அந்த வாரம் முழுவதும் குமாஸ்தா ஏணியில் ஏறித்தான் கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. அடுத்த இதழில் டெப்பர் பெட்டி கட்டி ஒரு திருத்தம் போட்டார்: “மதகுத் திறப்புக்கு நகரத் தலைவரும் வந்திருந்தார்.” மக்கள் அதைப் படித்தார்கள். தலைவர் நாற்காலிக்குத் திரும்பினார். நாற்காலியின் ஒரு கால் உடைந்தது. அதை நகராட்சி சரிசெய்து கொடுத்தது.

எங்கள் ஊர் தோண்டி உண்டான ஊர். முப்பாட்டன்மார் சதுப்பு நிலத்திலிருந்து கரிமண்ணை வெட்டிக் காயவைத்து, மேற்கே இருந்த பணக்கார நகரங்களின் அடுப்புகளுக்குப் படகு படகாக அனுப்பினார்கள். அனுப்ப அனுப்ப நிலம் இறங்கியது. இறங்கிய நிலத்தில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டோம். அதனால் மேலே போகிற எதன் மீதும் எங்களுக்குச் சந்தேகம் உண்டு. நகரத் தலைவர் மிதந்தார் என்பது எங்களை வியப்பில் ஆழ்த்தவில்லை. அவர் இறங்கிய பிறகும் நாலு பேரிடம் அதைப் பற்றிப் பேசினாரே, அதைத்தான் நாங்கள் மன்னிக்கவில்லை.

தலைவர் இறங்கிய அன்றே டெப்பர் ஒரு விதி செய்து ஆசிரியர் அறைக் கதவுக்கு மேல் மாட்டினார்: யாரையும் புகழாதே. அதற்குப் பிறகு தூதனில் கல்யாணச் செய்தி வந்தால், மணமகளும் மணமகனும் வந்திருந்தார்கள் என்று வரும். உள்ளூர்க் கால்பந்து அணி ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை, பந்து ஒன்பது முறை உள்ளே போனது என்று வந்தது. ‘நல்ல’ என்ற சொல்லை வானிலைப் பகுதியில் மட்டும் அனுமதித்தார்கள், அதுவும் கோடையில். விதியை மீறியவர்கள் இல்லாமல் இல்லை. 1891இல் ஒரு தற்காலிக நிருபர் புதிய பாதிரியாரின் பிரசங்கம் உள்ளத்தை உயர்த்தியது என்று எழுதிவிட, அடுத்த ஞாயிறு பாதிரியார் தேவாலயத்தின் சரவிளக்கைப் பிடித்துக்கொண்டு அடக்கத்தைப் பற்றிப் பேசினார். 1911இல் வைக்கோல் அட்டைத் தொழிற்சாலையின் முதலாளி முழுப் பக்கத்தையும் விலைக்கு வாங்கித் தன்னைத்தானே புகழ்ந்துகொண்டார். தன் விருந்தில் தானே உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டு, கீழே எல்லோரும் தன் செலவில் வாத்து தின்பதை மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக்கிரமிப்புக் காலத்தில் தூதனை அன்னியப் படை எடுத்துக்கொண்டது. ஆசிரியரைத் துரத்திவிட்டு, தங்கள் தளபதியைப் பக்கம் பக்கமாகப் புகழ்ந்தார்கள். ஐந்து வருடத்தில் தளபதி ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. ஏனென்றால் பத்திரிகை வந்த கையோடு ஒரு வரிகூடப் படிக்காமல் அடுப்புக்குள் போட்டோம். எழுதுவதால் யாரும் மேலே போவதில்லை, படிப்பதால்தான் போகிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறுதியானது. அந்த ஐந்து குளிர்காலமும் பத்திரிகை நன்றாக எரிந்தது என்று வயதானவர்கள் சொல்வார்கள். தூதனைப் பற்றி ஸ்வார்த்தமொண்டில் யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

இனி, சந்தா விஷயம். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு பத்திரிகை என்று யாராவது வாங்கினால் அவருக்குப் பணத்திமிர் என்று அர்த்தம். ஒரு சந்தாவுக்கு மூன்று வீடு. முதல் வீடு காலை ரொட்டியோடு படிக்கும். மதியம் இரண்டாவது வீட்டுக் கதவின் கடிதத் துளைக்குள் போடும். இரண்டாவது வீடு காபியோடும், காபிக்கு உரிய ஒரே ஒரு பிஸ்கட்டோடும் படிக்கும். அந்த ஒன்றை எடுத்ததும் டப்பா மூடப்படும். மாலை ஆறு மணிச் சாப்பாடு முடிந்து, தட்டு கழுவி, துடைத்து, அடுக்கிய பிறகு மூன்றாவது வீடு படிக்கும். குறுக்கெழுத்துப் புதிரைப் பென்சிலில் போட்டு, அழித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவேண்டும். தெற்குக் கரையில் ஒருவர் 1970களில் ஒரு முறை பேனாவால் போட்டுவிட்டார். அவருடைய மகனுக்குப் பெண் பார்த்தபோது அந்தப் பேச்சு வந்தது.

இந்தச் சிக்கனம்தான் தூதனைக் கொல்லப் பார்த்தது. புதிய நூற்றாண்டில், மேற்கே இருந்த பெரிய பத்திரிகைக் குழுமம் ஒன்று எங்கள் பத்திரிகையை வாங்கியது. குழுமத்துக்கு எண்ணத் தெரிந்தது சந்தா மட்டும். நாலாயிரம் சந்தா. பன்னிரண்டாயிரம் வீடு படிக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் எங்களை யாரும் கேட்கவில்லை, கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை. அச்சடிப்பது மேற்குக்குப் போனது. பிழைதிருத்துபவர்கள் வீட்டுக்குப் போனார்கள். 2024இல், நூற்றைம்பதாவது ஆண்டு மலரோடு பத்திரிகையை மூடுவது, கால்வாய்க் கரையில் இருக்கும் செங்கல் கட்டடத்தை அடுக்கு வீடு கட்டுபவருக்கு விற்பது என்று முடிவாயிற்று. செய்தியைச் சொல்ல இயக்குநர் ஃப்ளோரிஸ் வான் டெய்லிங்கன் நேரில் வந்தார். கழுத்தில் பட்டுத் துணி சுற்றியிருந்தார். தொண்டை வலியாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம்.

தூதனின் ஆசிரியர் அப்போது ஹில்லெகியன் வோல்ட்ஹௌஸ். ஐம்பத்தெட்டு வயது. இருபது வயதில் கால்நடைச் சந்தை நிலவரம் எழுத வந்தவர். வேறெங்கும் வேலை பார்த்ததில்லை, பார்க்க விரும்பியதும் இல்லை. தன் சொந்தத் தந்தையின் மரண அறிவிப்பிலிருந்தே ‘அன்பான’ என்ற சொல்லை வெட்டியவர். மனமில்லாமல் இல்லை, செத்த மனிதர் சவப்பெட்டியோடு எழும்பிவிட்டால் அம்மா தாங்கமாட்டார் என்பதற்காக. அப்படிப்பட்டவரிடம் வான் டெய்லிங்கன் மலருக்கான முகப்புக் கட்டுரையை நீட்டினார். அவரே எழுதியது. தூதன் அசைக்க முடியாத கோட்டை. வடக்கின் வான்தொடும் கோபுரம். ஒன்றரை நூற்றாண்டாக மேலும் மேலும் உயரும் மாளிகை. மூடப்போகிற கடைக்கு இவ்வளவு மாலை!

“இதைப் போட முடியாதுங்க” என்றார் ஹில்லெகியன்.

“ஏன்?”

“கட்டடம் கிளம்பிடும்.”

வான் டெய்லிங்கன் சிரித்தார். “கேள்விப்பட்டேன். கிராமத்துக் கதை. சரி, உங்க கணக்குப்படியே வெச்சுக்குவோம். நாலாயிரம் பேர் படிச்சா எவ்வளவு எழும்பும்? ஒரு விரல்? அரை விரல்? ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் ஆடும், அவ்வளவுதானே?”

ஹில்லெகியன் வாயைத் திறந்தார். பிறகு, கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் இல்லாததால், மூடிக்கொண்டார்.

அன்று மாலை விளையாட்டு நிருபர் வுப்போ ட்ரெய்ஃப்ஹோல்ட் மலரின் முகப்புப் பக்கத்தை எட்டிப் பார்த்தார். முப்பது வருடமாக ஹில்லெகியனின் சிவப்புப் பென்சிலால் அடிபட்டவர் அவர்.

“என்னம்மா, ஒரு சொல்லைக்கூட வெட்டலையா? ‘வான்தொடும்’னு இருக்கு!”

“டைரக்டர் எழுதினது. நான் யாரு வெட்ட?”

“போன வாரம் நான் ‘அருமையான கோல்’னு எழுதினதுக்கு என்னைக் கொன்னுட்டே.”

“அது அருமையா இல்ல, வுப்போ. கோல்கீப்பர் ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தான்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “போய் மதகுக்காரர்கிட்ட கயிறு கேளு. படகு கட்டுற தடிமன்ல. இருக்கிறதெல்லாம்.”

வுப்போ அவர் முகத்தையே பார்த்தார். “காத்து மேற்கிலேருந்து அடிச்சா நாம ஜெர்மனிக்குப் போயிடுவோம்.”

“அதான் கயிறு கேக்கச் சொல்றேன்.”

மலர் வெளியான வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, முதல் வீடுகள் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி முகப்புக் கட்டுரையைப் படித்தன. எட்டேகாலுக்குக் கட்டடத்தின் ஜன்னல்கள் கடகடவென்று ஆடின. எட்டரைக்கு வாசற்படிக்கும் தரைக்கும் நடுவே ஒரு பூனை புகுந்து போயிற்று. உள்ளே ஆண்டு விழாவுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த வான் டெய்லிங்கன் குனிந்து பார்த்துவிட்டு, “ஒரு சாண். நான் சொன்னதை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்” என்றார். மாலை ஏழு மணிக்கு வீடு கட்டுபவர் வரவேண்டும், நோட்டரி டோங்கன்ஸ் முன்னிலையில் கையெழுத்து. ஒரு சாணுக்கெல்லாம் விற்பனையை நிறுத்த முடியுமா? ஒரு பலகை போட்டு ஏறிக்கொள்ளலாம்.

மதியம் பத்திரிகைகள் இரண்டாவது வீடுகளுக்குப் போயின. இரண்டாவது வீடு நிதானமாகப் படிக்கும். காபி வேறு இருக்கிறது. இரண்டரை மணிக்குள் கட்டடம் அடித்தளத்தோடு, குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு ஓராள் உயரம் எழுந்துவிட்டது. கால்வாய்க் கரையில் கூட்டம். பள்ளிக்கூடம் விட்டாயிற்று, மாவுத் தொழிற்சாலையில் மதிய ஷிப்டு வேலைக்குப் போகவில்லை. வாழ்நாளில் ஒருபோதும் ஓடியிராத மனிதர்கள் ஓடினார்கள்! வுப்போவும் மதகுக்காரரும் நாலு மூலையிலும் கயிறு வீசிக் கரையில் படகு கட்டும் கட்டைகளில் முடிச்சிட்டார்கள். கயிறுகள் வீணைத் தந்தி போல விம்மின. வறுத்த முட்டை உருண்டை விற்கும் வண்டிக்காரர் வந்துவிட்டார், விலையையும் ஏற்றிவிட்டார், யாரும் பேரம்கூடப் பேசவில்லை. எங்கள் ஊர் அந்த அளவுக்குத் தன்னை மறந்திருந்தது.

மாலையில் வான் டெய்லிங்கன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். கழுத்துப் பட்டு காற்றில் பறந்தது. ஆனாலும் தைரியமாகத்தான் இருந்தார். “எல்லாரும் படிச்சு முடிச்சாச்சு! இதுக்கு மேல போகாது. ஏணி கொண்டு வாங்க!”

அறைக்குள் ஹில்லெகியன் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். “இன்னும் இருக்குங்க.”

“என்ன இருக்கு? நாலாயிரம்னா நாலாயிரம்.”

“மூணாவது வீடு இருக்கு. அவங்க தட்டு கழுவிட்டுத்தான் படிப்பாங்க.”

வான் டெய்லிங்கனின் முகத்தில் கணக்கு ஓடியதை ஹில்லெகியன் பார்த்தார். நாலாயிரத்தை மூன்றால் பெருக்குவதற்கு அவருக்கு நீண்ட நேரம் ஆயிற்று. பிறகு ஜன்னலுக்குப் பாய்ந்தார். கீழே, மூன்றாவது வீட்டுக்காரியான ட்ரீந்தியே ஹாஸ்பெல்ஸ், கக்கத்தில் பத்திரிகையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வடக்குக் கரையில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் அவர். ஊரின் வாய்களில் பெரியது அவருடையது.

“அம்மா! அதைப் படிக்காதீங்க!”

“ஏன், என் முறைதானே?”

“நீங்க எல்லாம் ஏன் தனித்தனியா சந்தா கட்டலை?”

“படிச்சு முடிச்ச பேப்பருக்கு எவனாவது மறுபடி காசு கட்டுவானா? உங்க ஊர்ல என்ன, துவைச்ச சட்டைய மறுபடி கடையில வாங்குவீங்களா?” கூட்டம் சிரித்தது. ட்ரீந்தியே மணி பார்த்தார். “ஆறாகப் போகுது. பட்டாணி சூப் அடுப்புல இருக்கு. நான் வரேன்.”

மொத்தக் கரையும் சாப்பிடப் போயிற்று. ஆறு மணிச் சாப்பாட்டை எங்களால் தள்ளிப்போட முடியாது. வெள்ளம் வந்த வருடமே தள்ளிப்போடவில்லை. ஏழு மணிக்கு நாலாயிரம் வீடுகளில் கடைசித் தட்டு அடுக்கப்பட்டது. நாலாயிரம் மூக்குக்கண்ணாடிகள் மாட்டப்பட்டன. கட்டடம் ஒரு பெருமூச்சு விட்டது போல இருந்தது. அடுத்த கணம் கரையோர மரங்களையும் தேவாலயக் கோபுர உச்சியில் இருந்த உலோகச் சேவலையும் தாண்டி மேலே போயிற்று. ஜன்னல்களில் எல்லாம் விளக்கு எரிந்தது. கயிறுகளில் இரண்டு அறுந்தன. காற்று மேற்கிலிருந்துதான் அடித்தது. மக்கள் வாயில் பல்குச்சியோடு ஓடிவந்து மிச்சக் கயிறுகளில் தொங்கினார்கள். முதல் வீடு, இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் இழுத்துப் பிடித்தார்கள். கூச்சல் காதைப் பிளந்தது. நோட்டரி டோங்கன்ஸ் சரியாக ஏழு மணிக்கு வந்து, வெறும் பள்ளத்தை டார்ச் அடித்துப் பார்த்து, மேலே பார்த்து, பையை மூடினார்.

“பத்திரத்துல இந்த மனையில ஒரு கட்டடம் இருக்குன்னு போட்டிருக்கு. இந்த மனையில கட்டடம் இல்லை. நான் பொய்க் கையெழுத்து போட மாட்டேன்” என்றார். வீடு கட்டுபவர் காரை விட்டு இறங்கவே இல்லை.

மேலே, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த வான் டெய்லிங்கன், “இதை எப்படி இறக்குறது?” என்று கேட்டார். கேட்டுவிட்டார் அல்லவா? ஹில்லெகியன் பதில் சொன்னார்.

“அடுத்த இதழ்ல திருத்தம் போடணும்.”

“போடுங்க! உடனே போடுங்க!”

“அடுத்த இதழ் இல்லையே. இன்னைக்கோட மூடியாச்சு. நீங்கதான் கையெழுத்து போட்டீங்க.”

கட்டடம் மெதுவாக ஒரு சுற்று சுற்றியது. ஜன்னலில் முதலில் ஊர் தெரிந்தது, பிறகு வயல், பிறகு ஜெர்மனி. இன்னொரு கயிறு அறுந்தால் ஹில்லெகியனின் முப்பத்தெட்டு வருட வேலையும், அவரும், டெப்பரின் விதிப் பலகையும் அயல்நாட்டு வயலில் விழும். அவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் காத்திருந்தார்.

“அடுத்த இதழ் ஒண்ணு போட்டா போதுமா?” என்றார் வான் டெய்லிங்கன்.

“நீங்க எழுதினதுல மூணு பொய் இருக்கு. அசைக்க முடியாததுன்னு ஒண்ணு. கோபுரம்னு ஒண்ணு. மேலும் மேலும் உயரும்னு ஒண்ணு. எத்தனை இதழ் ஆகும்னு நான் எப்படிச் சொல்ல? நாளைக்கும் வரணும், நாளன்னைக்கும் வரணும், அதுக்கப்புறமும் வரணும்.” கொஞ்சம் நிறுத்தி, “இல்லேன்னா பரவாயில்லை. ஜெர்மனியில நல்ல ரொட்டி கிடைக்கும்” என்றார்.

வான் டெய்லிங்கன் அதே மலரின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்: கால்வாய்த் தூதன் தொடர்ந்து வெளிவரும், இங்கேயே, இதே ஆசிரியரின் கீழ். முன்கூடத்தில் காட்சிக்கு வைத்திருந்த டெப்பரின் பழைய கையச்சு எந்திரத்துக்கு எண்ணெய் போட்டார்கள். ஹில்லெகியன் எழுத்துக் கோத்தார். இயக்குநர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கைப்பிடியை இழுத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஒரு பத்திரிகையை அச்சடித்தார். கொஞ்ச நேரத்தில் அதை ரசிக்கவும் ஆரம்பித்துவிட்டார். அதை யாரும் எழுதவில்லை, ஜாக்கிரதையாகத்தான் இருந்தார்கள். விடிந்ததும் கூடை கூடையாக ஒற்றைத் தாள்கள் கீழே இறங்கின. கூடைகள் பட்டாணி சூப்போடு திரும்பி மேலே போயின. தாளில் இருந்தது இவ்வளவுதான்: “திருத்தம். கால்வாய்த் தூதன் ஒரு பத்திரிகை. நேற்று வந்தது. இன்றும் வருகிறது.”

காலையில் முதல் வீடுகள் படித்தன. கட்டடம் சேவலுக்குக் கீழே வந்தது. மதியம் இரண்டாவது வீடுகள் படித்தன; ஓராள் உயரத்துக்கு வந்தது. வான் டெய்லிங்கன் ஜன்னலில் நின்று, “மூணாவது வீட்டுக்காரங்க ஒரு நாளைக்காவது முன்னாடி படிக்கக் கூடாதா?” என்று கெஞ்சினார். “தட்டு யார் கழுவுறது, நீங்களா?” என்றார் ட்ரீந்தியே. ஏழு மணிக்கு அவர் கண்ணாடியை மாட்டித் திருத்தத்தைப் படித்தார். ஒரு முறை படித்துவிட்டு, மறுபடியும் படித்தார். தாளை மடித்து வைத்துவிட்டு, யாரும் கேட்காதபோதே, “இது சரியில்லை. அது வெறும் பத்திரிகை இல்லை” என்றார். தெருவெங்கும் இன்னும் பலர், கதவைச் சாத்திக்கொண்டு, அதையேதான் சொல்லியிருக்கவேண்டும். ஏனென்றால் கட்டடம் இறங்கி இறங்கி, தரைக்கு ஒன்றரை சாண் இருக்கும்போது நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ திருத்தம் போட்டுப் பார்த்தார்கள். சந்தா தாமதமாக வருவதாகவும், குறுக்கெழுத்தில் தப்பு இருப்பதாகவும், ஆசிரியருக்குக் கோபம் வருவதாகவும் போட்டார்கள். எல்லாம் உண்மைதான் என்று மக்கள் ஒப்புக்கொண்டார்கள். கட்டடம் அசையவில்லை. நகராட்சி ஆய்வாளர் வந்து, கைப்பிடியோடு கூடிய மரப்படி ஒன்று வைக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்; வைத்தார்கள். குழாய்களை ரப்பரில் மாற்றினார்கள். குளிர்காலத்தில் அடியில் காற்று புகுந்து கால் ஜில்லிடுகிறது என்று வுப்போ புகார் சொல்கிறார். பூனைகள் திருப்தியாக இருக்கின்றன.

சந்தா இன்றும் மூன்று வீட்டுக்கு ஒன்றுதான். ஆனால் ஒவ்வோர் அக்டோபரிலும் விளம்பர நிறுவனங்கள் சேர்ந்து அனுப்பும் தணிக்கையாளர் ரயிலில் வந்து, முட்டி போட்டு, வாசற்படிக்கும் தரைக்கும் நடுவே அளவுகோலை வைத்துப் பார்க்கிறார். அந்த உயரத்தை வைத்து எத்தனை வீடு உண்மையில் படிக்கிறது என்று சான்றிதழ் கொடுக்கிறார். விளம்பரக் கட்டணம் அதன்படி நிர்ணயமாகிறது. குழுமமும் அதோடு திருப்தியடைகிறது. போன வருடம் அரை விரற்கடை கூடியிருந்தது. தணிக்கையாளர் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, “நல்ல உயரம்” என்றார். ஹில்லெகியன் அந்த ‘நல்ல’ என்ற சொல்லைச் செய்தியிலிருந்து வெட்டிவிட்டு, அவருக்குக் காபியும் ஒரு பிஸ்கட்டும் கொடுத்து, டப்பாவை மூடினார்.